குளோரீனின் 35.5 எங்கிருந்து வருகிறது? அணுவெண் முதல் சாரணுத்திணிவு வரை

ஆவர்த்தன அட்டவணையில் குளோரீனின் பெட்டியைப் பாருங்கள். 17, 35.5 என இரண்டு எண்கள். 17 எந்தக் குளோரீன் அணுவுக்கும் பொருந்தும். 35.5 திணிவுள்ள குளோரீன் அணு இயற்கையில் ஒன்றுகூட இல்லை. அது ஒரு கலவையின் சராசரி; அதன் பெயர்தான் சாரணுத்திணிவு. இது பிடிபட்டால் மீதி வெறும் கணக்குத்தான்.

படி 1: அணுவெண்

பெட்டியிலுள்ள முழு எண் அணுவெண், அதாவது கருவிலுள்ள புரோத்தன்களின் எண்ணிக்கை. ஒரு புரோத்தன் கூடினால் அது ஆகன், குறைந்தால் கந்தகம். நடுநிலை அணுவில் இலத்திரன்களும் அதே 17. அயன் (ஏற்றம் பெற்ற அணு) என்றால் இலத்திரனை மட்டும் மாற்றுங்கள்: குளோரைட்டில் 18, ஏற்றம் +2 ஆன மகனீசியம் அயனில் 12 போய் 10. சகக் குறியை (+) கண்டதும் இலத்திரனைக் கூட்டுவது வழக்கமான பிழை. சகம் என்றால் இலத்திரன் வெளியே போயிருக்கிறது.

படி 2: நியூத்திரன், சமதானி

கருவிலுள்ள புரோத்தன், நியூத்திரன் இரண்டின் மொத்த எண்ணிக்கை திணிவெண். அதிலிருந்து அணுவெண்ணைக் கழித்தால் நியூத்திரன். இலத்திரனின் திணிவு புரோத்தனுடையதில் ஏறத்தாழ 1/1836 என்பதால் திணிவெண்ணில் அது சேராது. குளோரீன்-35 இல் 18 நியூத்திரன், குளோரீன்-37 இல் 20. இப்படிப் புரோத்தன் ஒன்றாக இருந்து நியூத்திரன் வேறுபடும் அணுக்கள் சமதானிகள். இரண்டிலும் இலத்திரன் ஒழுங்கமைப்பு 2,8,7 தான். அதனால் இரசாயனத் தாக்கங்களில் ஒரே மாதிரி நடந்துகொள்ளும்.

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை டியூட்டரிக் கொப்பிகளைப் புரட்டினால் 35.5 − 17 = 18.5 என்ற வரி எங்காவது இருக்கும். அரை நியூத்திரன் கிடையாது. சராசரியிலிருந்து கழிக்காதீர்கள், சமதானியின் திணிவெண்ணிலிருந்து கழியுங்கள்.

படி 3: சாரணுத்திணிவு

இயற்கையில் குளோரீன்-35 75.77%, குளோரீன்-37 24.23%. 35 ஐயும் 37 ஐயும் கூட்டி இரண்டால் வகுத்தால் 36 வரும். அது பிழை, ஏனென்றால் இரண்டும் சம அளவில் இல்லை. ஒவ்வொரு சமதானியின் உண்மையான திணிவையும் (அது திணிவெண்ணிலிருந்து சற்றே வேறுபடும்; காரணம் படி 4 இல்) அதன் பங்கால் பெருக்கிக் கூட்டுங்கள்:

34.969 × 0.7577 + 36.966 × 0.2423 = 35.45

உயர்தர இரசாயனவியல் வினாத்தாளில் கணிப்பானுக்கு இடமில்லை. அதனால் குறுக்குவழி: இலேசான சமதானியை அடியாக வைத்து, மிகுதியை மட்டும் கூட்டுங்கள். 35 + 2 × 0.2423 = 35.48. மகனீசியத்துக்கு மூன்று சமதானிகள்: 24 (79%), 25 (10%), 26 (11%). 24 + 0.10 + 0.22 = 24.32. இரண்டே வரி.

விடையுடன் கிராம் எழுதாதீர்கள். காபன்-12 அணுவொன்றின் திணிவில் 1/12 உடன் ஒப்பிட்ட விகிதம் இது; அலகு இல்லை. மூலர்த் திணிவுக்குத்தான் (ஒரு மூல் பதார்த்தத்தின் திணிவு) கிராம்/மூல்.

கலவை மாறினால் இந்த எண்ணும் மாறும். அதற்கு நல்ல சான்று இலங்கைக் கனியம் ஒன்றுதான். பிரித்தானிய இரசாயனவியலாளர் பிரெடெரிக் சொடி, இலங்கைத் தோரைற்று என்ற தோரியக் கனியத்திலிருந்து பிரித்த ஈயத்தை அளக்கச் செய்து 1917 இல் வெளியிட்ட பெறுமானம் ஏறத்தாழ 207.7. சாதாரண ஈயத்துக்கு 207.2. தோரியம்-232 தேய்ந்து முடிவது ஈயம்-208 இல்; அந்தக் கனியத்தில் பாரமான சமதானி மிகுந்திருந்தது.

படி 4: தலைகீழ்க் கணக்கு

செப்பின் சாரணுத்திணிவு 63.55, சமதானிகள் 63, 65. பாரமானதன் சதவீதம் என்ன? பங்கை க என்று கொள்ளுங்கள்.

63 + 2க = 63.55
க = 0.275, அதாவது 27.5%

தரவுப் புத்தகத்தில் பார்த்தால் 30.8% அளவில் இருக்கும். உங்கள் முறையில் பிழையில்லை. திணிவெண்ணை உண்மையான திணிவாக எடுத்ததன் விளைவு அது. கருவிலுள்ள துணிக்கைகள் பிணையும்போது திணிவில் சிறு பங்கு சக்தியாக வெளியேறுவதால், செப்பு-63 இன் சரியான திணிவு 62.930, செப்பு-65 இனது 64.928. இவற்றையும் 63.546 ஐயும் இடுங்கள்: 0.616 ÷ 1.998 = 0.308. சராசரி கணிக்கும்போது கண்ணில் படாத 0.07, தலைகீழாகப் போகும்போது விடையை மூன்று சதவீதத்துக்கு மேல் தள்ளிவிடுகிறது. வினாவில் தசமத் திணிவுகள் தந்திருந்தால் அவற்றையே பயன்படுத்துங்கள், தராவிட்டால் 27.5% தான் எதிர்பார்க்கும் விடை.