நாலாம் வகுப்புக்கு நீலகிரி

முதல் நாளே வரைபடத்தை விரிக்காதீர்கள். நான் விரித்தேன், பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். இப்போதெல்லாம் ஈர மணலில் மலை கட்டச் சொல்கிறேன். உச்சியில் ஒரு கல்: தொட்டபெட்டா, 2,637 மீட்டர். அடிவாரத்தில் மேட்டுப்பாளையம்.

ரயில் எப்படி ஏறுகிறது? இரண்டு சீப்புகளைப் பல்லோடு பல் கோத்துக் காட்டுங்கள். கல்லாறு முதல் குன்னூர் வரை எஞ்சினின் பற்சக்கரம் நடுத் தண்டவாளத்தின் பல்லைப் பிடித்து ஏறுவது சட்டென்று புரியும்.

அப்புறம் நீலகிரிப் பழங்குடியினரான தோடரின் பூத்தையல். வெள்ளைத் துணி, சிவப்பு கறுப்பு நூல். கட்டம்போட்ட நோட்டில் வரையவிடுங்கள். இழை எண்ணித் தைக்கும் சிரமம் கைக்கே தெரியும். 'அந்தக் காலத்தில் வாழ்ந்தார்கள்' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், இன்றும் தைக்கிறார்கள்.

குறிஞ்சி 2018-இல் பூத்தது, 12 ஆண்டு கழித்து 2030-இல் பூக்கும் என்றேன். ஒருத்தி விரல்விட்டு எண்ணி, "அப்போ நான் ஒன்பதாவது சார்" என்றாள்.