காவடி நாளுக்கு முன்: நாயைப் பிறர் வீட்டில் விட்டுப் பழக்குவது

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் தைப்பூசக் காவடி நாளன்று விடிவதற்குள் வீடு காலியாகிவிடும். அன்றைக்குத்தான் முதல்முறையாக நாயைச் சித்தி வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ விடுவது என்றால் அது நாய்க்குக் கொடுமை. ஒரு மாதம் முன்பே தொடங்குங்கள்.

முதலில் உங்கள் நாய் தனிமைக்கு அஞ்சுகிறதா, உங்களைப் பிரிய அஞ்சுகிறதா என்று பாருங்கள். வீட்டில் வேறொருவர் இருக்கும்போது, கைபேசியில் வீடியோவை ஓடவிட்டு நீங்கள் மட்டும் வெளியே போங்கள். பெரும்பாலும் முதல் அரை மணி நேரத்திலேயே பதற்றம் தெரிந்துவிடும். துணைக்கு ஆள் இருந்தால் படுத்துக்கொள்ளும் நாய் என்றால், அதைத் தனியே விட்டுக் கடைக்குக்கூடப் போகாத ஆளைப் பிடித்தாலே பாதி வேலை முடிந்தது. ஆள் இருந்தும் வாசலையே சுற்றிச்சுற்றி வந்து, மூச்சிரைத்து, எச்சில் ஒழுக்கும் நாய்க்குத்தான் நீண்ட பயிற்சி வேண்டும்.

பார்த்துக்கொள்ளப் போகிறவர் சில நாள் உங்கள் வீட்டுக்கு வந்து, தன் கையால் சாப்பாடு வைத்து, நடைக்கும் கூட்டிப்போகட்டும். பிறகு நாயோடு அவர் வீட்டுக்குப் போய் வாருங்கள். அங்கே நீங்கள் மட்டும் கேட்டுக்கு வெளியே போய் ஒரு நிமிடத்தில் திரும்புங்கள். அடுத்து 3 நிமிடம், 5, மறுபடி 2, பிறகு 10. நேரம் ஏறிக்கொண்டே போனால் நாய் அதையும் கண்டுகொள்ளும். அதனால் நடுவே குறையுங்கள். குரைத்துவிட்டால் உடனே உள்ளே போங்கள், அடுத்த முறை பாதி நேரம் போதும். அழுது ஓயட்டும் என்று விட்டால் பயம்தான் வேரூன்றும். அடித்தாலும் அப்படியே.

வழக்கமான தீனியையே மூட்டையோடு கொடுத்தனுப்புங்கள். திடீரென மாற்றினால் வயிற்றுப்போக்கு வரலாம். உள்ளே தீனி அடைத்து இரவு ஃப்ரீசரில் வைத்த ரப்பர் பொம்மை நல்ல துணை. வேர்க்கடலை வெண்ணெய் தடவுவதானால் லேபிளில் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி இல்லையென்று உறுதிசெய்யுங்கள், அது நாய்க்கு விஷம். பிரியாணி எலும்பு, வெங்காயம், உலர்திராட்சை கூடாது என்று பாட்டியிடமும் சொல்லுங்கள். துவைக்காத உங்கள் சட்டை ஒன்றும் படுக்கையில் கிடக்கட்டும். முதல் சில நாள் முற்றத்திலும் கயிற்றோடுதான்; பயந்த நாய் சுவர் தாண்டும்.

பயம் கடுமையானால் மருத்துவரை இரண்டு மாதம் முன்பே பாருங்கள். ஃப்ளூவாக்செட்டின் போன்ற பதற்றம் தணிக்கும் மருந்து வேலைசெய்யவே வாரக்கணக்காகும். மனிதர் தூக்கமாத்திரை வேண்டவே வேண்டாம்.

தைப்பூசக் காவடி வருவது இங்கே கோடையில், உண்ணி பெருகும் காலத்தில். நாய் சாப்பிடாமல் சுருண்டு கிடந்தால் ஏக்கம் என்று விட்டுவிட வேண்டாம், உதட்டைத் தூக்கி ஈறைப் பார்க்கச் சொல்லுங்கள். வெளிறியிருந்தால் உண்ணி பரப்பும் பில்லியரி காய்ச்சலாக இருக்கலாம்; அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். அதற்கான பணத்தையும் மருத்துவர் எண்ணையும் தடுப்பூசி அட்டையோடு சேர்த்தே கொடுத்துவிட்டுப் போங்கள்.