அத்திப்பழத் தோட்டத்துக்குப் போறீங்களா? இதைப் பாத்துட்டுப் போங்க

புனே பக்கம் போறவங்க சாஸ்வட் ஏரியால ஒரு அத்தித் தோட்டத்தை கண்டிப்பா பாத்துட்டு வாங்க, அந்த ஏரியா இருக்கிற புரந்தர் தாலுகா பேர்லயே வர்ற புரந்தர் அத்திக்கு 2016ல புவிசார் குறியீடே கிடைச்சிருக்கு, அங்க கோடைல வர்ற பழம்தான் நல்ல இனிப்பு. காலைல வெயில் ஏறதுக்கு முன்னாடியே போயிடுங்க.

முழுக்கை சட்டை ரொம்ப முக்கியம்ங்க. காம்பு ஒடிச்சா வர்ற பால் கைல பட்டு அதுமேல வெயிலும் பட்டா தோல் எரிஞ்சு கொப்புளமே வந்துடும், குழந்தைங்கள கூட்டிட்டுப் போனா இன்னும் கவனம்.

அப்புறம் வாழை, மாம்பழம் மாதிரி வீட்ல வெச்சு பழுக்க வெச்சுக்கலாம்னு காயா பறிச்சுடாதீங்க, அத்தி பறிச்ச பிறகு இனிக்கவே இனிக்காது. கழுத்து வளைஞ்சு தொங்கி, தொட்டா மெத்துன்னு, தோல்ல லேசா கீறல் விட்டிருந்தா அதுதான் சரியான பழம். பறிக்கும்போது காம்போட எடுங்க, கவர்ல போட்டா கூழாயிடும், ஆழமில்லாத டப்பால ஒரே அடுக்கா வைங்க, ஃப்ரிட்ஜ்ல வெச்சாலும் ரெண்டு மூணு நாள்ல சாப்ட்டுடணும்.

கவாத்து (கிளைய வெட்டி விடறது) பண்ற சமயம்னா தோட்டக்காரர்கிட்ட பென்சில் தடிமன்ல ஒரு ஜாண் குச்சி கேட்டுப் பாருங்க, வெட்டிப் போடறதுதானே, அது தொட்டிலயே வேர் விட்டுடும்!