பீ.ஈ. சந்தேகமா? எக்கோ புரோப்பைக் கையில் எடுக்க முதல்

இரவு ஒரு மணி, காலில் பிளாஸ்டரோடு ஒருவரை அவசர சிகிச்சைப் பிரிவுக்கு (ஈ.டி.யு.) தூக்கி வருகிறார்கள், மூச்சு வாங்குகிறது, பிரஷர் 80க்குக் கீழே, நெஞ்சில் ஸ்டெத் வைத்தால் சுத்தமாகக் கேட்கிறது. பீ.ஈ., அதாவது நுரையீரல் இரத்தக்குழாயை இரத்தக்கட்டி அடைத்திருக்கலாம் என்று சந்தேகம். சீ.டி.க்கு அனுப்பலாம்தான், ஆனால் பொத்துவிலில் இருந்து கல்முனைக்கு அம்புலன்சில் ஒரு மணித்தியாலத்துக்குக் குறையாது, இந்தப் பிரஷரோடு தாங்குவாரா?

எக்கோவிடம், அதாவது இதயத்தைப் பார்க்கும் ஸ்கேனிடம், ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: வலது இதயவறை வீங்கியிருக்கிறதா? கட்டியைத் தேடி மினக்கெட வேண்டாம், அது அநேகமாகக் கண்ணில் படாது.

மூச்சு முட்டுபவரை மல்லாக்கப் போடாதீர்கள், தலையை உயர்த்தி, முடிந்தால் இடப்பக்கம் கொஞ்சம் சரித்து, இதய நுனி துடிக்கும் இடத்தில் புரோப்பை வைத்து நான்கு அறைகளையும் ஒன்றாகப் பாருங்கள். வழமையாக வலது இதயவறை இடதின் மூன்றில் இரண்டுக்கு மேல் போகாது, முக்கோணமாக ஓரத்தில் ஒதுங்கிக் கிடக்கும், நுனி இடதுக்குத்தான் சொந்தம். வலது இடதுக்குச் சமமாகப் பெருத்து நுனியையும் பிடித்துக்கொண்டால் விசயம் இருக்கிறது. ஆனால் புரோப் கொஞ்சம் சரிந்தாலே நல்ல இதயத்திலும் வலது பெரிதாகத் தெரியும், நானே ஏமாந்திருக்கிறேன். அதனால் மார்பெலும்பின் இடப்பக்கம் வைத்துக் குறுக்காகவும் பாருங்கள், உருண்டையாக இருக்க வேண்டிய இடது இதயவறை ஒரு பக்கம் தட்டையாகி ஆங்கில ‘டீ’ (D) எழுத்து மாதிரித் தெரிந்தால் வலதில் அழுத்தம் ஏறிவிட்டது.

நேரம் இருந்தால் டாப்ஸி, அதாவது வலது வால்வின் ஓரம் ஒவ்வொரு துடிப்பிலும் நுனியை நோக்கி எவ்வளவு அசைகிறது என்ற அளவு, 17 மி.மீ.க்குக் குறைந்தால் சரியில்லை. வலதின் சுவர் அசையாமல் நுனி மட்டும் துடிப்பதை மக்கொனல் அடையாளம் என்பார்கள், வலது பக்க மாரடைப்பிலும் அது வரும், ஈ.சீ.ஜீ. எடுக்காமல் துள்ள வேண்டாம். வருடக்கணக்காகப் பீடி குடித்தவருக்கு வலது ஏற்கனவே பெருத்திருக்கலாம், சுவர் 5 மி.மீ.க்கு மேல் தடித்திருந்தால் அது நேற்று இன்று வந்த வீக்கம் இல்லை.

பிரஷர் விழுந்தவரில் வலது நன்றாக இருந்தால் காரணம் பீ.ஈ.யாக இருக்க வாய்ப்புக் குறைவு, இதயத்தைச் சுற்றி நீரா, உள்ளே இரத்தக்கசிவா என்று தேடுங்கள். பிரஷர் நன்றாக உள்ளவரில் எக்கோ நோர்மல் என்று வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள், சிறிய கட்டிகள் எக்கோவுக்குத் தெரியாது, அவருக்குச் சீ.டி.தான். அதற்கிடையில் தொடை இடுக்கிலும் முழங்காலின் பின்னாலும் நாளத்தைப் புரோப்பால் அமத்திப் பாருங்கள், அமுங்காவிட்டால் உள்ளே கட்டி.

வீங்கிய வலதுக்குச் சேலைனைப் போத்தல் போத்தலாக ஓடவிட்டால் இன்னும் மோசமாகும். கன்சல்டனுக்குப் போன் எடுக்கும்போது பிரஷர், ‘டீ’, வலதின் அளவு மூன்றையும் முதல் வசனத்திலேயே சொல்லிவிட்டு, கட்டி கரைக்கும் மருந்து கொடுக்கலாமா என்று நேரே கேளுங்கள், அண்மையில் ஒபரேசன், இரத்தக்கசிவு ஏதும் இருந்ததா என்ற பதிலையும் கையில் வைத்துக்கொண்டு.