ஒயினில் ஃபோல்பெட் எச்சம்: ஃப்தாலிமைடையும் சேர்த்து அளப்பது எப்படி?

ஃபிரான்சின் திராட்சைத் தோட்டங்களில் அடிச்சாம்பல் நோயைத் தடுக்கத் தெளிக்கப்படும் ஃபோல்பெட் என்னும் பூஞ்சைக்கொல்லி, பழச்சாறு ஒயினாக மாறும்போதே பெரும்பாலும் ஃப்தாலிமைடாகச் சிதைந்துவிடுகிறது. எனவே ஃபோல்பெட்டை மட்டும் தேடிவிட்டு 'எச்சம் இல்லை' என்று எழுதுவது, ஒயினைக் குடிப்பவருக்குப் பாதி உண்மையைச் சொல்வதாகும். ஐரோப்பிய ஒன்றியத்தின் வரையறையும் இரண்டையும் கூட்டி, ஃபோல்பெட்டாகக் கணக்கிட்டுக் காட்டச் சொல்கிறது.

பிரித்தெடுக்க, 2003-இல் வெளியான க்வெச்சர்ஸ் (QuEChERS) என்னும் எளிய பிரித்தெடுப்பு முறையே போதும். 10 மி.லி. ஒயினில் அகநியமமாக (ஒப்பிட்டுப் பார்க்கத் தெரிந்த அளவில் சேர்க்கும் பொருளாக) டிரைஃபினைல் பாஸ்பேட்டைச் சேர்த்து, 10 மி.லி. அசிட்டோநைட்ரைல் ஊற்றிக் குலுக்குங்கள். ஒயினின் ஆல்கஹாலில் ஒரு பகுதி மேலடுக்கில் கலந்து அதன் கனஅளவை மாற்றுவதால், அகநியமத்தைத் தொடக்கத்திலேயே சேர்ப்பது அவசியம். பிறகு 4 கிராம் மெக்னீசியம் சல்பேட், 1 கிராம் உப்பு சேர்த்து, கட்டி தட்டாதபடி உடனே குலுக்கி, மையவிலக்கியில் சுழற்றுங்கள்.

மேலடுக்கில் 1 மி.லி. எடுத்து, 150 மி.கி. மெக்னீசியம் சல்பேட், 25 மி.கி. பி.எஸ்.ஏ. (அமிலங்களைப் பிடித்துக்கொள்ளும் அமீன் பொடி) கொண்டு தூய்மைப்படுத்துங்கள். சிவப்பு ஒயினின் நிறத்தை நீக்கக் கரித்தூளைப் பலர் சேர்ப்பார்கள். அது தயாபெண்டசோல் என்னும் பூஞ்சைக்கொல்லி போன்ற தட்டையான மூலக்கூறுகளையும் பிடித்துக்கொள்வதால் நான் பயன்படுத்துவதில்லை. பி.எஸ்.ஏ. கரைசலைக் காரத்தன்மைக்கு நகர்த்துவதால் ஃபோல்பெட் விரைந்து சிதையும். ஆகவே தூய்மையான கரைசலைப் பிரித்தவுடனே, ஒவ்வொரு மி.லி.க்கும் 5% ஃபார்மிக் அமிலம் கலந்த அசிட்டோநைட்ரைலில் 10 மைக்ரோ லிட்டர் சேர்த்துவிடுங்கள்.

சிக்கல், கரைசலை ஆவியாக்கிப் பிரித்து மூலக்கூறுகளை நிறையால் அடையாளம் காணும் ஜி.சி-எம்.எஸ்/எம்.எஸ். கருவியில்தான் இருக்கிறது. சூடான உட்செலுத்தும் பகுதியிலேயே ஃபோல்பெட் ஃப்தாலிமைடாக மாறக்கூடும் என்பதால், திரையில் தோன்றும் சிகரம் ஒயினிலிருந்து வந்ததா, கருவி உண்டாக்கியதா என்பது பார்த்தவுடன் தெரியாது. இதற்கு நான் நம்பும் வழி, நான்கு டியூட்டீரியம் (கன ஹைட்ரஜன்) அணுக்கள் கொண்ட ஃபோல்பெட்டைச் செலுத்துவதற்குச் சற்று முன் இறுதிக் கரைசலில் சேர்ப்பது. சாதாரண ஃப்தாலிமைடின் மூலக்கூற்று அயனி 147. டியூட்டீரியம் ஏற்றியதற்கு 151. பின்னது தெரிந்தால், அது கருவியில் உண்டானதே. லைனரை (உட்செலுத்தும் பகுதியின் கண்ணாடிக் குழாயை) மாற்றி, பிரிகுழாயின் (column) முனையை நறுக்கி, மறுபடி ஓட்டுங்கள். கரைப்பானிலிருந்தும் ஃப்தாலிமைடு வரலாம் என்பதால், ஒயின் இல்லாத வெற்றுக் கரைசலையும் கட்டாயம் செலுத்துங்கள்.

செறிவு தெரிந்த அளவீட்டுக் கரைசல்களை, எச்சம் இல்லையென்று சோதித்துறுதி செய்த ஒயினின் சாற்றிலேயே தயாரியுங்கள். வெறும் கரைப்பானில் ஃபோல்பெட் அதிகம் சிதைவதால் அளவுகோடு தாழ்ந்து, மாதிரியின் அளவு கூடுதலாகத் தோன்றும்.

கணக்கு எளிது: ஃபோல்பெட்டின் மூலக்கூற்று எடையான 296.6-ஐ ஃப்தாலிமைடின் 147.1-ஆல் வகுத்தால் 2.02. ஃபோல்பெட் தென்படாமல், லிட்டருக்கு 0.10 மி.கி. ஃப்தாலிமைடு மட்டும் கிடைத்தால், அறிக்கையில் 0.20 என்று எழுத வேண்டும்.

பின்சேர்க்கை: வாசகர் ஒருவர் கேப்டான் என்னும் பூஞ்சைக்கொல்லியைப் பற்றிக் கேட்டிருந்தார். அதற்கும் இதே வழிதான். சிதைபொருள் டெட்ராஹைட்ரோஃப்தாலிமைடு, பெருக்கும் எண் 1.99.