சியேனாவில் ஒரு இரவாவது தங்குங்கள்

இத்தாலியில் பிளாரன்ஸுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் பக்கத்திலிருக்கும் சியேனாவை அரை நாளில் முடித்துவிடுகிறார்கள். காலையில் பேருந்தில் வந்து இறங்கி, சதுக்கத்தில் நாலு படம் எடுத்து, பேராலயத்தை வெளியிலிருந்தே பார்த்துவிட்டு மாலைக்குள் கிளம்பிவிடுகிறார்கள். முதல் தடவை நானும் அப்படித்தான் போனேன். அடுத்த தடவை இரண்டு இரவு தங்கினேன், அதனால்தான் அடித்துச் சொல்கிறேன்: ஒரு இரவாவது தங்குங்கள். சாயங்காலம் கூட்டம் கலைந்த பிறகுதான் ஊர் ஊர்க்காரர்களிடம் திரும்பி வருகிறது, சதுக்கத்தின் செங்கல் தரையில் படுத்துக் கதை பேசும் பிள்ளைகளை அப்போதுதான் பார்க்க முடியும்.

பிளாரன்ஸிலிருந்து போவதானால் ரயிலைவிடப் பேருந்து நல்லது. விரைவுப் பேருந்து சுமார் ஒன்றேகால் மணி நேரத்தில் பியாட்ஸா கிராம்ஷியில், அதாவது மதில் சூழ்ந்த பழைய நகரத்தின் ஓரத்திலேயே இறக்கிவிடும். ரயில் நிலையம் மலையடிவாரத்தில் இருக்கிறது. ரயிலில் வந்துவிட்டால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சாலையில் ஏற வேண்டாம், எதிரே உள்ள வணிக வளாகத்துக்குள் நுழைந்தால் நகரும் படிக்கட்டுகள் வரிசையாக மேலே கமோலியா வாசல் பக்கம் கொண்டுபோய்விடும். வாடகைக் காரில் வருகிறவர்கள் மட்டும் ரொம்ப கவனமாக இருங்கள். மதிலுக்குள் வெளி வண்டிகள் நுழையக் கூடாது, வாசல்களில் கேமரா இருக்கிறது, தெரியாமல் நுழைந்தால் அபராதச் சீட்டு சில மாதம் கழித்துக்கூட வரும். மதிலுக்கு வெளியே நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள்.

எதைப் பார்ப்பது என்று பட்டியல் போடுவதற்கு முன்னால் ஒரு ஆண்டை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: 1348. அதற்கு முந்தைய அறுபது வருடம் இந்த ஊருக்குப் பொற்காலம், ஒன்பது பேர் கொண்ட ஒரு அவை 1287 முதல் ஆண்டுகொண்டிருந்தது, வங்கித் தொழிலில் பணம் கொட்டியது. இருக்கிற பேராலயம் போதாது என்று 1339-இல் இன்னும் பெரிதாகக் கட்டத் தொடங்கினார்கள், பழைய கோயில் முழுவதும் புதியதற்கு வெறும் குறுக்குக் கூடமாக ஆகிவிடும் அளவுக்குப் பெரிய திட்டம். 1348-இல் கொள்ளைநோய் வந்து ஊரில் பாதியோ அதற்கு மேலோ மாண்டுபோக, வேலை நின்றுவிட்டது. அந்த நின்றுபோன சுவர் இன்னும் நிற்கிறது. பேராலயத்துக்குப் பக்கத்துத் திறந்தவெளியில் நின்று பாருங்கள், கூரை இல்லை, உயரத்தில் பெரிய ஜன்னல் மட்டும் இருக்கிறது, அதன் வழியாக வானம் தெரிகிறது.

அந்தச் சுவர் மேல் ஏறலாம். பேராலயத்துக்கு ஒருங்கிணைந்த சீட்டு வாங்கினால் அதில் இதுவும், பக்கத்து அருங்காட்சியகமும் அடக்கம், தனித்தனியாக வாங்காதீர்கள். ஏறும் வழி குறுகலான சுழல் படி. அருங்காட்சியகத்தில் டூச்சோ என்ற ஓவியர் வரைந்த மாஎஸ்தா, அதாவது மரியாள் அரியணையில் அமர்ந்திருக்கும் பெரிய பலிபீட ஓவியம் இருக்கிறது. 1311 ஜூன் 9 அன்று அதை ஓவியரின் பட்டறையிலிருந்து ஊரே ஊர்வலமாகப் பேராலயத்துக்குத் தூக்கிவந்தது. அதன் முன்னால் கொஞ்ச நேரம் உட்காருங்கள். பேராலயத்தின் பளிங்குத் தரையில் 56 சித்திரங்கள் பதித்திருக்கிறார்கள், ஆனால் வருடத்தில் பெரும்பகுதி மூடித்தான் வைத்திருப்பார்கள். கோடையில் சில வாரங்களும், அப்புறம் கோடை முடிவிலிருந்து அக்டோபர் வரையும் திறப்பது வழக்கம், முடிந்தால் பயணத்தை அதற்கேற்ப வையுங்கள். தோளும் முழங்காலும் மூடிய உடை போட்டுக்கொள்ளுங்கள்.

ஊர் நடுவில் இருக்கும் காம்போ சதுக்கம் சிப்பி போல ஒரு பக்கம் சரிந்திருக்கும், தரை ஒன்பது பகுதிகளாகப் பிரிந்திருப்பது அந்த ஒன்பது பேர் அவைக்காக. சரிவின் அடியில் இருக்கும் நகர மாளிகைக்குள் கட்டாயம் போங்கள். அந்த மாளிகையின் மாஞ்சா கோபுரத்தில் சுமார் 400 படி, மழை பெய்தால் ஏற விடமாட்டார்கள், ஒன்றைத்தான் ஏற முடியும் என்றால் நான் பேராலயச் சுவரைத்தான் சொல்வேன், ஏனென்றால் அங்கிருந்து கோபுரமும் சேர்ந்து தெரியும்.

மாளிகைக்குள் அந்த ஒன்பது பேர் கூடிய அறை இருக்கிறது. 1338-39இல் அம்ப்ரோஜியோ லொரென்செத்தி என்ற ஓவியர் நல்லாட்சியையும் கொடுங்கோலாட்சியையும் அதன் சுவர்களில் வரைந்தார். அவசரப்படாமல் கிட்டே போய்ப் பாருங்கள். நல்லாட்சிப் பக்கத்தில் கொத்தனார்கள் சாரத்தில் நின்று வீடு கட்டுகிறார்கள், கழுதைகள் சுமையோடு வருகின்றன, வாசலுக்கு வெளியே ஒருவன் கறுப்புப் பன்றி ஒன்றை ஓட்டி வருகிறான், அதன் தோளைச் சுற்றி ஒரு வெள்ளைப் பட்டை. அந்த இனம் இன்றைக்கும் இந்தப் பக்கம் வளர்கிறது. எதிர்ச் சுவர் நிறைய சிதைந்திருக்கிறது, அங்கே தொழில் நடப்பது ஆயுதம் செய்பவன் கடையில் மட்டும்தான். ஆளுகிறவர்கள் உட்கார்ந்து முடிவெடுக்கும் இடத்தில், தலையைத் திருப்பினால் இரண்டும் கண்ணில் படுகிற மாதிரி வரைந்திருக்கிறார்கள். எனக்கு சியேனாவிலேயே பெரிய விஷயம் இந்த அறைதான்.

ஊர் 17 கொன்ட்ராடாக்களாக, அதாவது பேட்டைகளாகப் பிரிந்திருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் தனிச் சின்னம், கொடி, கோயில், அருங்காட்சியகம். நடக்கும்போது சுவரைப் பார்த்துக்கொண்டே போங்கள், நத்தை, ஓநாய், முதுகில் கோபுரம் சுமந்த யானை என்று எந்தப் பேட்டையில் இருக்கிறீர்கள் என்பது தெரிந்துவிடும். ஜூலை 2, ஆகஸ்ட் 16 இரண்டு நாளும் இந்தப் பேட்டைகளுக்கிடையே பாலியோ குதிரைப் பந்தயம். பத்துக் குதிரைகள், சேணம் கிடையாது, சதுக்கத்தை மூன்று சுற்று, ஒன்றரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும், வீரன் விழுந்தாலும் குதிரை முதலில் வந்தால் அதுவே வெற்றி. சதுக்கத்தின் நடுவில் நின்று பார்ப்பது இலவசம், ஆனால் வெயிலில் பல மணி நேரம் நிற்க வேண்டும், இடையில் வெளியே வர முடியாது. குழந்தைகளோடு போகிறவர்கள் முந்தைய நாட்களில் நடக்கும் ஒத்திகை ஓட்டங்களைப் பாருங்கள், அதுவே போதும். ஒன்று மட்டும்: இது சுற்றுலாக்காரர்களுக்காக நடத்துகிற காட்சி இல்லை. தோற்ற பேட்டைக்காரர்கள் தெருவில் அழுதுகொண்டு நிற்பார்கள், அவர்கள் முகத்துக்கு நேரே கேமராவை நீட்டாதீர்கள்.

சாப்பாட்டுக்குக் காம்போ ஓரத்து உணவகங்களைவிட உள்ளே இரண்டு சந்து தள்ளிப் போங்கள். பிச்சி என்று கையால் உருட்டிய தடிமனான பாஸ்தா கேளுங்கள், பூண்டும் தக்காளியும் போட்டது சைவம்தான். ரசீதில் கோபெர்டோ என்று தலைக்கு இரண்டு மூன்று யூரோ இருந்தால் அது ஏமாற்று இல்லை, இருக்கைக் கட்டணம். ஊருக்கு எடுத்துப்போக பாதாம் மாவில் செய்த ரிச்சாரெல்லி வாங்குங்கள். மிருதுவாக இருக்கும், கைப்பையில் வையுங்கள், பெட்டிக்குள் வைத்தால் நொறுங்கிவிடும்.