டிஸ்சார்ஜ் பேப்பரைப் படிக்கப் பழகுங்கள்

வார்டில் நர்ஸாகப் பல வருஷம் வேலை பார்த்தவள் நான். டிஸ்சார்ஜ் பேப்பரைக் கையில் கொடுத்தால் பலரும் மடித்துப் பைக்குள் வைத்துவிடுவார்கள். "நமக்கு என்னம்மா புரியப் போகுது" என்பார்கள். உங்கள் உடம்பைப் பற்றிய காகிதம் அது, உங்களுக்குப் புரியத்தான் வேண்டும்.

நீளமான பெயர் வந்தால் முதலில் அதன் வாலைப் பிடியுங்கள். 'ஐட்டிஸ்' என்று முடிந்தால் அழற்சி. 'எக்டமி' என்றால் அந்த உறுப்பையோ அதில் ஒரு பகுதியையோ வெட்டி எடுத்தது. 'ஆஸ்டமி' என்றால் திறப்பு வைத்தது. 'ஸ்கோப்பி' என்றால் கருவியை உள்ளே விட்டுப் பார்த்தது. அப்புறம் தலையைப் பாருங்கள், எந்த உறுப்பு என்று தெரியும். 'ஹெப்பாட்' கல்லீரல், 'நெஃப்ர்' சிறுநீரகம், 'காஸ்ட்ர்' இரைப்பை, 'கோலிசிஸ்ட்' பித்தப்பை. இனி கோலிசிஸ்டெக்டமி என்ன என்பதை நீங்களே சொல்லிவிடலாம்.

என்னைக் கேட்டால், எல்லாவற்றையும்விட ஹைப்பர், ஹைப்போ இரண்டைத்தான் மனப்பாடமாக வைத்திருக்கச் சொல்வேன். ஹைப்பர் கூடுதல், ஹைப்போ குறைவு. காதில் ஒன்றுபோலவே விழும், செய்ய வேண்டியதோ நேர் எதிர். ரத்தச் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் ஹைப்போகிளைசீமியா. ஆள் நினைவோடு இருந்து விழுங்க முடிந்தால் உடனே இனிப்பு கொடுக்க வேண்டும். ஹைப்பர்கிளைசீமியாவில் அதே இனிப்பு கெடுதல். அதனால் போனில் யாராவது சொன்னால் "கூடிருச்சா, குறைஞ்சிருச்சா?" என்று தமிழிலேயே திருப்பிக் கேளுங்கள்.

ஹைப்பர்டென்ஷன் என்பதைப் படித்துவிட்டு, "எனக்கு டென்ஷனே கிடையாதே, எதுக்கு மாத்திரை?" என்று நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. மனக் கவலைக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை. உயர் ரத்த அழுத்தம், அவ்வளவுதான். எவ்வளவு நிதானமானவருக்கும் வரும். தயவுசெய்து மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

'அக்யூட்' என்றால் திடீரென்று வந்தது, 'க்ரானிக்' என்றால் நாள்பட்டது. நோய் எவ்வளவு கடுமை என்பதை இரண்டும் சொல்வதில்லை. 'நெகட்டிவ்' என்றால் தேடியது கிடைக்கவில்லை. பெரும்பாலும் நல்ல செய்தி. 'பெனைன்' புற்றுநோய் அல்லாத கட்டி, 'மாலிக்னன்ட்' புற்றுநோய்.

நோயின் பெயருக்கு முன்னால் கேள்விக்குறியோ 'ஆர்/ஓ' என்றோ இருந்தால் அந்த நோய் உறுதியாகிவிட்டது என்று அர்த்தமில்லை. அதுதானா இல்லையா என்று இன்னும் பார்க்க வேண்டும் என்பதற்கான குறிப்பு. இதைப் பார்த்துவிட்டு அழுதுகொண்டே வந்து நின்ற குடும்பங்களை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது. 'கே/சி/ஓ' வேறு, அந்த நோய் முன்பே உறுதியானவர் என்று பொருள்.

ஸ்கேன் ரிப்போர்ட்டில் கடைசியில் 'இம்ப்ரெஷன்' என்று இருக்கும். அதை முதலில் படியுங்கள். இடது, வலது எல்லாம் நோயாளியின் இடது, வலதுதான். நெஞ்சு எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் மாட்டினால் நம்மை எதிரே நிறுத்திப் பார்ப்பதுபோல இருக்கும். அதனால் படத்தின் இடப்பக்கம் தெரிவது உங்கள் வலது நுரையீரல்.

மருந்துச் சீட்டில் 'ஓ.டி.' தினம் ஒரு வேளை, 'பி.டி.' இரு வேளை, 'டி.டி.எஸ்.' மூன்று வேளை, 'எச்.எஸ்.' படுக்கும்போது, 'எஸ்.ஓ.எஸ்.' தேவைப்பட்டால் மட்டும். இதே 'ஓ.டி.' கண் மருத்துவரின் சீட்டில் வலது கண்ணைக் குறிக்கும், 'ஓ.எஸ்.' இடது கண். எந்த மருந்து, எத்தனை வேளை, எந்தக் கண் என்று கிளம்புவதற்கு முன் நர்ஸிடமோ மருந்தாளரிடமோ சொல்லி, அட்டையின் மேலேயே தமிழில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.